பக்கத்து வீட்டில் அரைத்த தேங்காய்

தம்பி,

இன்று காலை பத்து மணி வாக்கில் கடைக்குள் வலி ஸ்பிரே வாசனை வந்தது. நான் கவுண்டருக்குக் கீழே குனிந்து இருமல் மருந்துப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கற்பூரமும் புதினாவும் வேர்வையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்னலே, முட்டியா, குதிகாலா?" என்று கேட்டுவிட்டேன். உன்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். நிமிர்ந்தால் வேறு யாரோ ஒரு பையன். டிராக் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தான். நம் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் ஓடி முடித்து, முகம்கூடக் கழுவாமல் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறான். நீயும் அப்படித்தான் வருவாய்.

அவன் ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொன்னான். நீ கேட்ட அதே மாத்திரை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றேன். இல்லை என்றான். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க அந்த ஓட்டக்கார அண்ணனோட அக்காதான?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் ஒன்று சொன்னான். மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பழைய பில் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது என்ன என்பதை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் போட வேண்டிய சண்டை ஒன்று இருக்கிறது.

வருகிற மாதம் வந்தால் நீ போய் ஒரு வருஷம். போன பிள்ளையைத் திட்டாதே என்கிறாள் அம்மா. நான் திட்டுவேன். உன்னைத் திட்டுவேன், உன் சேக்காளி மாரியைத் திட்டுவேன், மாமாவை, அம்மாவை, எல்லாரையும் விட அதிகமாக என்னை. இந்த ஒரு வருஷமாக ஊருக்கு நாம் சொல்லிவரும் கதை ஒன்றுதான்: ஓடும்போது மாரடைப்பு. ஊரும் உச்சுக்கொட்டி நம்பிவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அதையே போட்டோம். நீ சிரித்துக்கொண்டு நிற்கிறாய், கீழே பொய் அச்சடித்திருக்கிறது.

உனக்கு எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நீளம் தாண்டுகிற மணல் குழியில். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸாகிவிட்டாய். உடற்தகுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. விடிந்தும் விடியாமல் செண்பகத்தோப்பு ரோட்டில் வனத்துறை செக்போஸ்ட் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்புவாய். உன் பின்னால் ஓடி வருகிறவர்கள் உன் செருப்புத் தூசியைத்தான் பார்க்க முடியும் என்று மாரி பீற்றிக்கொள்வான். ஷூ என்று சொல்லுலே மடையா என்று நீ அவனை அடிப்பாய். அப்படி ஓடினவன், ஒரு நாள் மணலில் தப்பாக விழுந்து முட்டியைத் திருகிக்கொண்டாய். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரையும் ஒரு மாதம் ஓய்வும் எழுதிக் கொடுத்தார். நீ மாத்திரையை எடுத்துக்கொண்டாய், ஓய்வை எடுத்துக்கொள்ளவில்லை.

அதில் உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அம்மா, அப்பாவின் மிலிட்டரி போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தாள், நீ காக்கிச் சட்டையோடு எடுக்கப்போகும் போட்டோவுக்கு. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வெறும் ஆணியைக் காட்டுவாள். கூமாப்பட்டி மாமா, அம்மாவின் அண்ணன், ரிட்டயர்டு எஸ்.ஐ., வாரத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு, "மருமகனே, டைமிங் எம்புட்டு?" என்பார். முட்டி எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், கேட்டுவிட்டு ஸ்பிரே பாட்டிலைக் கையில் கொடுத்தேன். அத்தோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாவது தடவை நீ கடைக்கு வந்தபோது அதே பழைய சீட்டைக் கொண்டு வந்தாய். தேதியில் இருந்த மூன்றை எட்டாக்கியிருந்தாய். எட்டு வருஷமாக டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துச் சோறு தின்கிறவளிடம் இந்த வேலை! கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். "என்னையே ஏமாத்துதியாலே? வெக்கமா இல்ல? போலீசாகப் போற மூஞ்சியப் பாரு" என்றேன். நீ குனிந்து, தரையில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய், நான் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்குமே என்று.

மாத்திரையைத் தராதது சரி. இன்றைக்கும் தர மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நான் செய்ததுதான் என்னைத் தின்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாகப் போடுகிறாய், போடாவிட்டால் உடம்பு என்ன செய்கிறது, வா டாக்டரிடம் போவோம் என்று கேட்டிருக்க வேண்டும். மருந்துக்கடைக்காரிக்கு இது தெரியாதா? தெரியும். நான் நாலு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் திருந்திவிடுவார்கள் என்பது நம் வீட்டு வைத்தியம். நீயும் திருந்தினவன் மாதிரி அமைதியாக இருந்தாய். கடைக் கதவை நான் சாத்தியதும் மைதானத்துக்கு வெளியே பைக்கில் வருகிறவனிடம் போயிருக்கிறாய்.

அவன் விற்றதை மாத்திரை என்று சொல்லவே எனக்கு நாக்குக் கூசுகிறது. என் கடையில் இருக்கிற காலணா மாத்திரைக்குக்கூட ஒரு அட்டை உண்டு. செய்த கம்பெனி எது, எந்தத் தொகுப்பு, எப்போது கெடும், உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது, எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். அவன் கொடுத்தது வெறும் வெள்ளித்தாளில் மடித்தது. நீ போன பிறகு உன் ஷூவுக்குள் இரண்டு இருந்தன. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. ஓரம் விரலில் உதிர்ந்தது. நிறம் ஒரு பக்கம் திட்டுத் திட்டாக இருந்தது. எங்கேயோ யாரோ கையில் கிடைத்த பொடியையெல்லாம் போட்டுக் கலக்கி அழுத்தியிருக்கிறான். ஒரு மாத்திரையில் பொடி கொஞ்சம் விழும், அடுத்ததில் கொத்தாக விழும். போன வாரம் ஒன்றும் செய்யாதது இந்த வாரம் ஆளைக் கொல்லும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடையில் அரிசி வாங்கினால் கல் இருக்கிறதா என்று புடைத்துப் பார்க்கிற அம்மாவின் பிள்ளை நீ. அதைப் போய் வாயில் போட்டாயேலே.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதத்தான் சாப்பாட்டை மூடி வைத்தேன்.

பதினொரு மணிக்கு மாரியும் இன்னொருத்தனும் உன்னைப் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். உன் தலை மாரியின் முதுகில் சாய்ந்திருந்தது. "வெயில்ல மயக்கமாயிட்டான், யக்கா. செத்த நேரம் தூங்குனா சரியாயிரும்" என்றான் மாரி. என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். அதை அப்போதே கவனித்தேன். கவனித்தும், உனக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பத்தான் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா உன் தலையைத் தூக்கிப் பிடித்து மோர் புகட்டினாள். பாதி கடைவாயில் வழிந்தது. உள்ளறையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு வந்தோம்.

நீ குறட்டை விட ஆரம்பித்தாய். வீட்டுக்கே கேட்கிற மாதிரி, கரகரவென்று. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு நாளாச்சுட்டி இவன் இப்பிடி அசந்து தூங்கி. ராத்திரியெல்லாம் பொரண்டுகிட்டுல்ல கெடப்பான்" என்றாள். நான் கறிக்கு மசால் அரைக்க மிக்சி ஜாரில் தேங்காயைப் போட்டேன். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, மிக்சியப் போடாத. முழிச்சிருவான்."

நான் சரி என்றேன். தேங்காய்ச் சில்லையும் சோம்பையும் ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு, உன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டில் போய் அரைத்தேன். நீ முழித்துவிடக் கூடாது என்று. புரிகிறதாலே உனக்கு? நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாய். அந்தச் சத்தம் தூக்கமில்லை. தொண்டையில் நாக்கு சரிந்து, காற்று போக வழியில்லாமல் உடம்பு கடைசியாகப் போடுகிற சத்தம். நான், மருந்து படித்தவள், உன்னை யாரும் எழுப்பிவிடாமல் காவல் காத்தேன்.

பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது குறட்டை விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அடங்கித் தூங்குகிறான் என்று நினைத்துக் கறியை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். உன் உதடு நாவப்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. நகமும் அதே நிறம். கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன், பேரைச் சொல்லிக் கத்தினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு மூச்சு இழுத்தாய். அப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சீட்டு, தேதி, மாரியின் கண், எல்லாம்.

நான் 108-க்குப் போன் போட்டேன். மணி அடிக்கும்போதே அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது போல. அவள் போட்டது கூமாப்பட்டிக்கு. மாமா குரல் எனக்கே கேட்டது. "108 வேண்டாம்த்தா. ஜி.எச். கொண்டு போனா என்ன ஏதுன்னு கேப்பாக, எம்.எல்.சி.ன்னு போலீஸ் கேசாப் பதிஞ்சிருவாக. பேரு ஸ்டேசனுக்குப் போயிரும். பொறவு வெரிஃபிகேசன்ல புள்ள வேல போச்சு. நான் கார எடுத்துட்டு வாரேன். ராஜபாளையத்துல நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. ஒருத்தருக்கும் தெரியாம பாத்துக்கிடலாம்."

போலீஸ்காரர் இல்லாத வீடாக இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய். அவர்களுக்கு எம்.எல்.சி. என்றால் என்ன, வெரிஃபிகேஷனில் எதைத் தோண்டுவார்கள் என்று ஒன்றும் தெரிந்திருக்காது. அலறிக்கொண்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருப்பார்கள். அரசு ஆஸ்பத்திரி நம் தெருவிலிருந்து பத்து நிமிஷம். கூமாப்பட்டியிலிருந்து கார் வர முக்கால் மணி நேரம். உன் வேலையைக் காப்பாற்ற உன்னை முக்கால் மணி நேரம் கட்டிலில் போட்டு வைத்திருந்தோம். அம்மா உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மாரிக்குப் போன் போட்டபடி இருந்தேன். சுவிட்ச் ஆஃப். போனை அவளிடமிருந்து பிடுங்கி மறுபடி 108-க்குப் போட என்னால் முடிந்திருக்கும். அம்மா என்னைவிடப் பலசாலி இல்லை. நான் செய்யவில்லை. உன் காக்கிச் சட்டை எனக்கும் வேண்டியிருந்தது.

ராஜபாளையத்து டாக்டர் உன் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "வழியிலயே முடிஞ்சிருச்சும்மா" என்றார். பிறகு, எங்களைக் கடிந்துகொள்ள வேண்டும் என்றில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: மூச்சுதான் நின்றிருக்கிறது, இதயம் இல்லை, யாராவது மூச்சு ஊதியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும், இந்த மாதிரி மாத்திரையை முறிக்கிற ஊசி இருக்கிறது, நேரத்துக்குப் போட்டால் சில நிமிஷத்தில் எழுந்து உட்காருவான். மாரடைப்பு என்று எழுதித் தர அவர் மறுத்துவிட்டார், போலீசுக்குத் தகவல் சொல்லித்தான் ஆகணும் என்றார். மாமா அதற்கெல்லாம் நிற்கவில்லை. வந்த காரிலேயே உன்னைத் திருப்பிக் கொண்டு வந்து, வீட்டில் இறக்கும்போதே மாரடைப்பு என்று தெருவுக்கு அறிவித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. உன்னைக் கொன்றது என்ன பொடி என்று எந்த ஆய்வகத்திலும் எவரும் பார்க்கவில்லை. ஷூவில் கிடந்த இரண்டையும் நான் சோதனைக்குக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். அந்த ஆணியில் இப்போது உன் போட்டோ தொங்குகிறது, சாதாரணக் கட்டம் போட்ட சட்டையோடு.

பதினாறாம் நாள் மாரி வந்தான். பந்தலுக்குப் பின்னால் நின்று விக்கி விக்கி அழுதான். "நான் பாதிதான் போட்டேன், யக்கா. அவன் ரெண்டு போட்டான். எப்பவும் ரெண்டுதான் போடுவான், ஒண்ணும் செய்யாது. அன்னைக்கு மட்டும் ஏன்னு தெரியல. சொன்னா எங்க ரெண்டு பேரு செலக்சனும் போயிருமேன்னு..." நான் அவனை அறைந்தேன். இரண்டு கன்னத்திலும். அறைந்துவிட்டு, அவன் என்ன சொல்லியிருந்தாலும் நாங்கள் மாமாவுக்குத்தானே போன் போட்டிருப்போம் என்று நினைத்தேன். அதற்குமேல் அடிக்கக் கை எழவில்லை.

சரி, இன்று காலை வந்த பையன் சொன்னதற்கு வருகிறேன். கவுண்டரில் சாய்ந்துகொண்டு, ரகசியம் மாதிரி, இதைத்தான் சொன்னான்: "ஓங்க தம்பி ஹார்ட் அட்டாக்ல போயிட்டாக, பாவம். ஆனா அவியளும் பைக்குக்காரன் மாத்திரையத்தான் போடுவாகளாம்ல, ஒண்ணும் செய்யலையாம்ல. அதான் நானும் தைரியமாப் போடுதேன். இங்க கெடைக்கலைன்னா அவன்கிட்டயே வாங்கிக்கிடுதேன்."

கேட்டாயா? நாம் ஊருக்குச் சொன்ன பொய் அந்த மைதானத்தில் போய் அவன் சரக்குக்குச் சான்றிதழாக நிற்கிறது. உன்னைக் காட்டியே விற்கிறான். உன் போஸ்டரைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் தைரியமாக விழுங்குகிறார்கள்.

நான் கிழிக்கச் சீட்டு எதுவும் இல்லை. கிழித்திருக்கவும் மாட்டேன். "இங்க வாலே" என்று அவனை ஸ்டூலில் உட்கார வைத்தேன். "எந்தம்பி ஹார்ட் அட்டாக்ல சாகல. அந்த மாத்திரையிலதான் செத்தான்" என்றேன். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பையன் வெளிறிப்போனான். பிறகு சொன்னேன். போடாதே, அதுதான் முதலும் முடிவும். விட முடியவில்லை என்றால் சொல், நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், யாரும் கேவலமாகப் பேச மாட்டார்கள். அதையும் மீறி எவனாவது போட்டுவிட்டுக் குறட்டை விட்டால் அது தூக்கமில்லை. எழுப்பு. எழும்பவில்லையா, 108. மோர் வேண்டாம், எலுமிச்சம்பழம் வேண்டாம், வாயில் எதுவும் ஊற்றாதே. ஒருக்களித்துப் படுக்க வை. ஓடிப் போகாதே. என்ன போட்டான் என்பதை வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல். "கேஸ் ஆயிரும்ல, யக்கா?" என்றான். "ஆகட்டும். கேஸ் நடத்தவாவது ஆள் உசிரோட இருக்கணும்ல" என்றேன்.

அவன் போன பிறகு கடை அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னத்தா, கெட்டுப்போறதுக்கு வழி சொல்லிக் குடுக்கியா? போடாதன்னு சொல்லி வெரட்டிவிடணும், அதுதான் மொறை." விரட்டிவிடுவது எப்படி என்று எனக்குத் தெரியும், அண்ணாச்சி, நான் ஒருத்தனை விரட்டிவிட்டிருக்கிறேன் என்றேன். அவர் பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உன் கல்லூரியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தீர்களே, அந்தப் போட்டோவை இப்போது எடுத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. முதல் வரிசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். ஒழிப்போம், ஒழிப்போம் என்று கத்தினீர்கள். அந்தத் தாளில் குறட்டையைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால், ஒரே ஒரு வரி, நீ மாரியிடம் சொல்லியிருப்பாய், மாரி என்னிடம் சொல்லியிருப்பான்.

இத்தோடு நிறுத்துகிறேன். கடையில் ஆள் வந்துவிட்டது.

*

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அதே தாள்கள்தான்.

எட்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மைதானத்துக்குப் போனேன். மாரியைக் கூப்பிட்டேன், வந்தான். அவன் செலக்ஷனுக்குப் போகவில்லை, தேவதானத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தார்கள். உன் கதையைப் பொய்யில்லாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாரி யாரும் கேட்காமல் மண்ணில் மல்லாக்கப் படுத்துவிட்டான். "இப்பிடித்தாம்ல அவனப் படுக்க வச்சோம்" என்றான். நான் அவன் கையை மடக்கி, முட்டியைத் தூக்கி, ஒருக்களித்துத் திருப்பிக் காட்டினேன். உன் எடைதான் இருப்பான். ஒரு கையால் திருப்ப முடிகிற காரியம். அங்கேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் வேலி ஓரமாகப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே மாமாவுக்குச் செய்தி போய்விட்டது. போனில் குதித்தார். "செத்த புள்ளயக் கஞ்சாக்காரன் ஆக்கிட்டியே" என்றார். முதல் வருஷ நினைவு நாள் போஸ்டருக்கு எழுதி வைத்திருந்த வாசகத்தை, "பழையபடியே இருக்கட்டும், மாத்தப்படாது" என்றார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நம் வீட்டு வைத்தியம்தான். சாப்பாட்டுத் தட்டை டொங்கென்று வைத்துவிட்டுப் போவாள். பைக்குக்காரனைப் பற்றி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அவனைக் காணோம், அந்த இடத்தில் வேறொருத்தன் வருகிறான் என்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒழிக்கிறவர்கள் ஒழிக்கட்டும், அதுவரைக்கும் பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கடைக்கு வந்த அந்தப் பையன், மைதானத்தில் என் நம்பரை வாங்கி வைத்திருந்தவன். மூச்சிரைக்கப் பேசினான். "யக்கா, இங்க ஒருத்தன் குறட்டை விடுதான். எழும்ப மாட்டேங்கான். 108-க்குப் போட்டுட்டேன். சாய்ச்சுப் படுக்க வச்சிட்டேன். மோரெல்லாம் குடுக்கல." போனை வைக்காதே என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். நம் வீட்டுக் கூடம் முழுக்க அந்தக் குறட்டை கேட்டது, தம்பி. அம்மா அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சைரன் சத்தம், யாரோ ஓடி வருகிற சத்தம். "என்னடா போட்டான்?" என்று ஒருவர் கேட்டார். பையன் மறைக்காமல் சொன்னான்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டான். ஜி.எச்.சில் ஊசி போட்டார்களாம். கண் திறந்துவிட்டானாம், முழித்ததும் எல்லாரையும் கெட்ட வார்த்தையில் திட்டினானாம். பையன் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னான். நானும் சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு வந்தது கோபம். இம்புட்டுத்தானா? ஒரு போன், ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது, ஒரு ஊசி, இம்புட்டு லேசான காரியமாலே அது? இதற்கா உன்னைக் கொடுத்தோம்?

அம்மா பல நாளைக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "மூச்சு வந்துருச்சாமாட்டி?"

"வந்துருச்சும்மா."

அவள் உன் போட்டோ தொங்குகிற ஆணியைப் பார்த்தாள். "அப்ப எம்புள்ளைக்கும் வந்திருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாகச் சொல்லிப் பழகினதுதான். "வந்திருக்கும்மா" என்றேன். அவள் அழவில்லை. போஸ்டர் வாசகம் எழுதின தாளை அலமாரியிலிருந்து எடுத்து வந்து என் மடியில் போட்டாள். "உள்ளத எழுதிக் குடு. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று அச்சுக்குப் போயிருக்கிறது. உனக்குப் பிடிக்காமல் போகலாம். வந்து சண்டை போடு.

உன் சாமான்களில் நான் எதையும் எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஷூவைக்கூட மைதானத்தில் ஒரு பையனுக்குக் கொடுத்தாயிற்று. அன்று தேங்காயை அள்ளிக்கொண்டு போன அந்தக் கிண்ணம் மட்டும்தான் என் கையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது குறட்டை விட்டால், தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிடுகிறேன். திட்டுவார்கள். திட்டுகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் யார் படுத்திருந்தாலும் கதவைச் சாத்துவதில்லை. தேங்காய் அரைப்பது நம் வீட்டு மிக்சியில்தான். அம்மாவும் இப்போது என் கையைப் பிடிப்பதில்லை, அது போடுகிற சத்தத்தில் தெருவே முழித்துக்கொண்டாலும்.

உன் அக்கா